எல்லோருக்கும் 5893

விழுப்புரத்தில் ஒரு பல்கலைக்கழகம் பிறந்து, பல் முளைக்கும் முன்பே செத்துப்போன கதை உங்களுக்கு நினைவிருக்கலாம். 2021 பிப்ரவரியில் சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. டாக்டர் ஜெ. ஜெயலலிதா பல்கலைக்கழகம் என்று பெயர் வைத்தார்கள். துணைவேந்தரும் வந்து உட்கார்ந்தார். மே மாதம் ஆட்சி மாறியது. ஆகஸ்ட் 31-ல் அதைச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கும் மசோதா சபைக்கு வந்தது. அ.தி.மு.க.வினர் வெளிநடப்பு செய்து வாலாஜா சாலையில் மறியலில் உட்கார்ந்தார்கள், கைதானார்கள். சோழர் காலத்துப் போர்களில்கூட இவ்வளவு உணர்ச்சி பொங்கியிருக்காது.

பணமும் இடமும் ஒதுக்காமல் பெயரை மட்டும் வைத்துவிட்டுப் போனார்கள் என்றது ஆளுங்கட்சி. அந்தப் பெயர்தான் உங்கள் கண்ணை உறுத்துகிறது என்றது எதிர்க்கட்சி. இரண்டு தரப்பும் உண்மையே பேசியிருக்க வாய்ப்பு உண்டு என்பதுதான் இதில் வேடிக்கை. இணைத்தவர் அன்றைய உயர்கல்வி அமைச்சர் க. பொன்முடி. எதிர்த்து உயர் நீதிமன்றம் வரை போனவர் முன்னாள் அமைச்சர் சி.வி. சண்முகம். இருவரும் இந்த மாவட்டத்துக்காரர்கள். பொன்முடி அரசியலுக்கு வருமுன் கல்லூரிப் பேராசிரியர் வேறு. ஆக, எங்கள் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கவலைப்பட உள்ளூரிலேயே ஆள் பலம் இருந்தது. அத்தனை கவலையும் பெயர்ப்பலகைக்கே செலவாகிவிட்டது. ஆய்வகத்தில் விளக்கு எரிகிறதா என்று இரு தரப்பிலும் ஒருவராவது கேட்டதாக நான் எங்கும் படிக்கவில்லை.

சேர்த்துவிட்ட இடம் மட்டும் லேசுப்பட்டதா? 1929-ல் தொடங்கிய பழம்பெருமை வாய்ந்த பல்கலைக்கழகம். ஆனால் சம்பளம் போடவே முடியாத நிலைக்கு வந்து, 2013-ல் அரசு சட்டம் போட்டு எடுத்துக்கொண்டது. தேவைக்கு அதிகமாக இருந்த ஆசிரியர்களை ஊர் ஊராக அரசுக் கல்லூரிகளுக்குப் பிரித்து அனுப்பினார்கள். நீந்தத் தெரியாமல் தத்தளித்துக் கரையேறியவர் கையில், இந்தா, நாலு மாவட்டத்துக் கல்லூரிகளையும் பிடித்துக்கொள் என்று கொடுத்ததற்குப் பெயர் இணைப்பு.

எங்கள் குடும்பத்தில் நான் சென்னைப் பல்கலைக்கழகம். சித்தி மகன் திருவள்ளுவர் பல்கலைக்கழகம்; 2002-ல் வேலூரை மையமாக வைத்துப் பிரித்தார்கள். அண்ணன் மகள் அண்ணாமலை. மூன்று பேரும் கண்டமங்கலத்தில் அதே நிறுத்தத்தில் அதே பாண்டிச்சேரி–விழுப்புரம் பஸ்ஸுக்குக் கால் கடுக்க நின்றவர்கள். அதே ரயில்வே கேட் மூடினால் அதே முதல் பீரியடைக் கோட்டை விட்டவர்கள். நாங்கள் நகரவில்லை. எங்கள் தலைக்கு மேலே பல்கலைக்கழகங்கள்தான் மேகம் மாதிரி போய்க்கொண்டிருந்தன. மழை மட்டும் பெய்யவில்லை.

நான் பி.எஸ்சி. இயற்பியல் படித்தது தொண்ணூறுகளின் நடுவில். கல்லூரியின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அது ஒன்று மட்டும்தான் அப்படி இருந்தது என்று மற்றவை நிம்மதியாகத் தூங்கிவிடும்.

எங்கள் ஆய்வகத்தில் சோடியம் விளக்கு ஒன்று இருந்தது. வகுப்பு முழுமைக்கும் ஒன்று. ஏற்றியதும் முதலில் சிவப்பாக முனகும்; பத்து நிமிஷம் பொறுத்தால் மஞ்சள் வெளிச்சம் வரும். அந்த மஞ்சளை ஸ்பெக்ட்ராமீட்டருக்குள் விட்டு, அங்குலத்துக்கு 15,000 கோடு கிழித்த கிரேட்டிங் வழியாகப் பார்த்து, கோணத்தை அளந்து, ஒளியின் அலைநீளத்தைக் கண்டுபிடிக்கவேண்டும். விடை 5893 ஆங்ஸ்ட்ராம். யோசித்தால் மயிர்க்கூச்செறியும் சமாச்சாரம். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை, ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சிறியதை, கண்டமங்கலத்துப் பையன் ஒருவன் தன் கையால் அளக்கிறான். எனக்குத் தெரிந்து இதைவிடப் பெரிய ஜாலவித்தை எந்தத் திருவிழாவிலும் நடந்ததில்லை.

நாங்கள் அதை எப்படிச் செய்தோம் என்று சொல்கிறேன். விடை 5893 என்று முதலில் எழுதிக்கொள்வது. அங்கிருந்து பின்பக்கமாகக் கணக்குப் போட்டு இறங்குவது. கோணம் 20 டிகிரி 22 நிமிடம் வரும். அதை இடப்பக்க ரீடிங், வலப்பக்க ரீடிங் என்று இரண்டாகப் பிரித்து, நம்பும்படி இருக்கட்டும் என்று ஒரு நிமிடம் கூட்டி ஒரு நிமிடம் குறைத்து அட்டவணையில் நிரப்புவது. கரண்ட் இல்லாத மதியங்களிலும் இந்த முறையில் சோதனை தங்குதடையின்றி நடந்தது. விளக்கே எரியாத நாளில் நாற்பது பேர் அதன் அலைநீளத்தைக் கண்டுபிடித்தோம். எல்லோருக்கும் 5893. ஐரோப்பாவின் எந்த ஆய்வகமும் இந்தத் துல்லியத்தைத் தொட்டிருக்காது.

ஒரே ஒருத்தன் மட்டும் கெட்டுப்போனான். விக்கிரவாண்டிப் பக்கத்திலிருந்து வந்த பையன். விளக்கு எரிந்த ஒரு நாளில், விவரம் தெரியாமல், உண்மையிலேயே அளந்துவிட்டான். அவனுக்குக் கோணம் 21 டிகிரி வந்தது. கணக்குப் போட்டால் 6068. மூன்று தடவை அளந்தான். மூன்று தடவையும் அதேதான். நோட்டை நீட்டினான்.

"என்னடா இது, சோடியத்தையே மாத்திட்டியா நீ?" என்றார் சார். வகுப்பே சிரித்தது. அடித்துவிட்டுச் சரியாக எழுதிக்கொண்டு வரச் சொன்னார். அவனும் அடித்துவிட்டு 5893 எழுதிக்கொண்டு போய்க் கையெழுத்து வாங்கினான்.

கிரேட்டிங் ஒளிக்கு நேர்செங்குத்தாக நிற்காவிட்டால் கோணம் பிசகும். மேசை மட்டம் தப்பியிருந்தாலும் பிசகும். எது பிசகியது என்று சாரும் அவனும் அரை மணி நேரம் உட்கார்ந்து தேடியிருந்தால் அன்றைக்கு ஒரு விஞ்ஞானி பிறந்திருப்பான் என்று மிகைப்படுத்த மாட்டேன். ஒரு நல்ல மெக்கானிக்காவது பிறந்திருப்பான். இயற்பியல் என்பது அந்த 6068-க்கும் 5893-க்கும் நடுவில்தான் இருந்தது. அதை அழிரப்பரால் அழித்துவிட்டு ரெக்கார்டு நோட்டுக்கு பிரவுன் அட்டை போட்டோம். மூன்று வருஷத்தில் நாங்கள் முறையாகக் கற்றுக்கொண்ட ஒரே தொழில்நுட்பம், தெரிந்த விடைக்குத் தரவு தயாரிப்பது. நாட்டில் பல துறைகளில் இதற்கு நல்ல கிராக்கி இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

வேதியியல்காரர்களுக்கு இன்னும் வசதி. தேர்வன்று கொடுக்கும் உப்பு எது என்பதை அட்டெண்டர் அண்ணன் காதோடு சொல்வார். பாதி உப்புக்கு ஒரு விலை, முழு உப்புக்கு ஒரு விலை. அவரைக் குறை சொல்லி என்ன? அந்தக் கட்டிடத்தில் எந்த பாட்டிலில் எது இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். வெளித்தேர்வாளர் வரும் நாளில் தலைக்கு இவ்வளவு என்று வசூல். பிரியாணி, குளிர்பானம், போகும்போது ஒரு கவர். அவர் வைவாவில் கேட்ட முதல் கேள்வி, "எந்த ஊர்ப்பா நீ?" கண்டமங்கலம் என்றேன். "பாண்டி பார்டர்தானே, சரக்கு சல்லிசா கிடைக்குமே" என்றார். இரண்டாவது கேள்வி இல்லை. மதிப்பெண் நன்றாகவே போட்டார்.

ஆயுத பூஜை அன்றுதான் கருவிகள் இருக்கும் பீரோ முழுசாகத் திறக்கும். ஸ்பெக்ட்ராமீட்டருக்குச் சந்தனம், பிரிசம் மேசைக்குக் குங்குமம். மறுநாள் லென்ஸில் அந்தச் சந்தனம் அப்படியே காய்ந்திருக்கும். 1976-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று 51ஏ பிரிவில் எழுதி வைத்திருக்கிறார்கள். குடிமக்களின் கடமைதானே, கல்லூரிகளுக்கு அதில் விலக்கு இருக்கும்போல.

மதகடிப்பட்டு மாட்டுச் சந்தை எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். என் அப்பா அங்கே ஒரு கன்று வாங்குவதென்றால் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார், துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார், பிடிக்காவிட்டால் வெறுங்கையோடு திரும்புவார். அதே மனிதர் என்னைக் கல்லூரியில் சேர்த்தபோது எதையும் திறந்து பார்க்கவில்லை. கும்பிட்டபடி ஆபீஸ் வாசலில் நின்று பணத்தைக் கட்டிவிட்டு வந்தார். கேட்கும் உரிமை படித்தவர்களுக்குத்தான் என்று நினைத்தார். படித்தவர்களுக்கும் அது கிடையாது என்று மூன்று வருஷம் கழித்து நான் அவரிடம் சொல்லவில்லை.

நான் மூன்று வருஷத்தில் வகுப்பில் கேட்ட கேள்வி ஒன்று. ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைக் கரும்பலகையில் சார் இறக்கிக்கொண்டிருந்தார். "சார், அந்த சை-ன்னா என்னா சார்?" என்றேன். "அது அஞ்சு மார்க்குலயும் வராது, பத்து மார்க்குலயும் வராது. உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். அந்த டெரிவேஷனை ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். பிரபஞ்சத்தின் அடிப்படைச் சமன்பாட்டை, அதில் இருக்கும் எழுத்துக்கு என்ன பொருள் என்று தெரியாமல், இரண்டு தேர்வுகளில் எழுதிக் காட்டியவன் நான். என் பட்டத்தில் முதல் வகுப்பு என்று அச்சடித்திருக்கிறது.

மனப்பாடத்தைப் பழிப்பது இப்போது நாகரிகம். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. 1825-ல் பாண்டிச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர் இருந்தார். ஜான் வாரன் என்ற வெள்ளைக்காரர் 'கால சங்கலித' என்ற தன் நூலில் அவரைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்த மனிதர் தரையில் சோழிகளை வைத்து நகர்த்தி, சொற்களிலும் அசைகளிலும் மறைத்துவைத்த வாய்ப்பாடுகளை மனசுக்குள்ளிருந்தே எடுத்து, அந்த ஆண்டு மே 31 இரவு தொடங்கும் சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டுக் காட்டினார். அதன் பின்னால் இருக்கும் வானியல் கோட்பாடு அவருக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது என்கிறார் வாரன். ஆனால் கிரகணம் தொடங்கும் நேரத்தை நாலே நிமிஷப் பிழையில் சொன்னார். நடுநேரம் 23 நிமிஷம், முடிவு 52 நிமிஷம் தப்பியது. பிறகு 1952-ல் நியூகெபவர் என்ற அறிஞர் அந்தக் கணக்கைத் துருவி ஆராய்ந்து, இதன் வேர் பாபிலோனியக் களிமண் பலகைகள் வரை போகிறது என்று காட்டினார்.

அதே பாண்டிச்சேரியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும் தூரத்தில், நூற்றெழுபது வருஷம் கழித்து, நாங்களும் பொருள் தெரியாமல் மனப்பாடம் செய்தோம். அவருக்குக் கிரகணம் வந்தது. எங்களுக்கு அரியர் வந்தது. அவர் தன் கணக்கை வானத்தோடு ஒத்துப்பார்க்க வைத்தார், தப்பியது எவ்வளவு என்று இரண்டு நூற்றாண்டு கழித்தும் நாம் நிமிஷக் கணக்கில் சொல்ல முடிகிறது. எங்கள் கணக்கை எதோடும் ஒத்துப்பார்க்க முடியாது. விடைத்தாள் திருத்துபவரிடமும் அதே நோட்ஸ்தான்.

வருத்தம் என்று சொன்னால் எனக்குக் கல்மரம்தான் பெரிய வருத்தம். திருவக்கரை எங்கள் ஊரிலிருந்து பைக் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். பௌர்ணமி தவறாமல் வக்கிரகாளியம்மனைப் பார்க்கப் போன ஊர்க்காரன் நான். கோயிலைத் தாண்டிக் கொஞ்சம் போனால் சுமார் 2 கோடி வருஷத்துக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து மணலில் புதைத்து, மரச்சத்து போன இடத்திலெல்லாம் சிலிக்கா ஏறி, வளையம் குலையாமல் பாறையாகிவிட்டன. அவை கிடக்கும் பாறை அடுக்குக்குப் புவியியலில் கடலூர் மணற்கல் என்று பெயர்; நம் பக்கத்து ஜில்லாவின் பெயர். பிரெஞ்சுக்காரர் சொன்னெரா பதினெட்டாம் நூற்றாண்டிலேயே வந்து பார்த்து எழுதிவிட்டுப் போனார். 1940-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை காக்க ஆரம்பித்தது. எங்கள் கல்லூரி மூன்று வருஷத்தில் ஒரு முறை எங்களைச் சுற்றுலா கூட்டிப் போனது. ஊட்டிக்கு.

டிகிரி முடித்ததும் பாண்டிச்சேரி எல்லையைத் தாண்டித் திருபுவனைக் கம்பெனிகள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதுதான் ஆராய்ச்சிப் பட்டம். கம்பெனி கேட்டில் காண்ட்ராக்ட்காரர் வரிசையில் நிற்கவைத்து எண்ணுவார். பி.எஸ்சி. என்றால் குவாலிட்டி செக்கிங், பன்னிரண்டாவது என்றால் பேக்கிங். சம்பளம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், பி.எஸ்சி.க்கு உட்கார ஸ்டூல் உண்டு. அந்த குவாலிட்டி செக்கிங்கில் எங்கள் படிப்பு கைகொடுத்ததை மறைக்கக்கூடாது. இரவு ஷிப்டில் அளக்காமலே அட்டவணையை நிரப்பும் திறமையில் எங்களை எந்த என்ஜினியரும் மிஞ்ச முடியவில்லை.

அதுவும் அலுத்தால் குரூப்-4. பத்தாம் வகுப்புத் தேறியவர் எழுதும் தேர்வு அது. 2022 ஜூலையில் நடந்த தேர்வுக்கு, 7,301 இடங்களுக்கு 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். அதில் பட்டம், முதுகலை, எம்.ஃபில். எல்லாம் உண்டு. விழுப்புரத்துக் கோச்சிங் சென்டரில் முதல் நாளே சொல்லிவிடுவார்கள், காலேஜில் படித்ததை மறந்துவிடுங்கள் என்று. யாரும் சிரமப்படவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை பள்ளிப் புத்தகங்களை வாங்கிப் படிக்கச் சொல்வார்கள். சித்தி மகன், எம்.எஸ்சி. இயற்பியல், பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு நாள் சொன்னான்: "ஒளிவிலகல்னா இதானா? ரொம்ப நல்லா சொல்லிருக்கான்ணே."

கற்பிக்கப் போனவர்களின் கதை தனி. அரசுக் கல்லூரிகளில் பாதிப் பாரத்தைச் சுமப்பவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். பலர் நெட், செட், பிஎச்.டி. முடித்தவர்கள். 2024 நிலவரப்படி மாதம் 25,000 ரூபாய். வருஷத்துக்கு 11 மாதம். மே மாதத்தில் அவர்களுக்கு வயிறு கிடையாது என்பது அரசின் கண்டுபிடிப்பு. யு.ஜி.சி. 2019-லேயே 50,000 வரை கொடுக்கலாம் என்றது. 2024 மார்ச்சில் 4,000 உதவிப் பேராசிரியர்களை நிரந்தரமாக எடுக்கப்போவதாக அறிவிக்கை வந்தது. ஆகஸ்ட்டில் நடக்க இருந்த தேர்வு தள்ளிப்போனது. சோழியைக் கையில் கொடுத்தாலும் அந்தத் தேர்வுத் தேதியை நம் பஞ்சாங்கக்காரரால் சொல்லியிருக்க முடியாது.

இத்தனைக்கும் நடுவில் 2023 ஆகஸ்ட் 23 வந்தது. சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேல், விழுப்புரத்து ரயில்வே ஊழியரின் மகன். அன்றைக்கு நானும் தெருவில் இறங்கிக் கத்தினேன், பொய் சொல்லமாட்டேன். மறுநாள் காலை பிளெக்ஸ் முளைத்தது. நிலவு ஒரு ஓரம், ராக்கெட் ஒரு ஓரம், நடுவில் வட்டச் செயலாளர்கள் கைகூப்பி நின்றார்கள். லேண்டரை அவர்கள்தான் தள்ளிவிட்டு இறக்கியது போன்ற ஒரு களைப்பு முகத்தில். அந்த வீரமுத்துவேல் எந்த வழியில் போனார் என்று பார்த்தவர் உண்டா? விழுப்புரத்தில் பாலிடெக்னிக் டிப்ளமோ, சென்னையில் பொறியியல், திருச்சி என்.ஐ.டி., சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம். இந்த மாவட்டத்தின் பி.எஸ்சி. வகுப்பறை அவர் பாதையிலேயே இல்லை. தமிழக அரசு பரிசாகக் கொடுத்த 25 லட்சம் ரூபாயை அவர் படித்த நிறுவனங்களுக்கே கொடுத்துவிட்டார். பிளெக்ஸில் கைகூப்பியவர்கள் ஒரு பல்பு வாங்கிக் கொடுத்ததாகத் தகவல் இல்லை.

மேடைக்கு மேடை ஒரு கேள்வி கேட்கிறார்கள்: நம் கிராமத்துப் பிள்ளைகள் ஏன் ஆராய்ச்சிப் பக்கம் போவதில்லை? செல்போன்தான் காரணம் என்று அவர்களே பதிலும் சொல்லிவிட்டு, பொன்னாடை போர்த்திக்கொண்டு காரேறுகிறார்கள். ஐயா, பதினேழு வயதில் ஒரு பையன் மூன்று முறை அளந்து 6068 என்று கொண்டுவந்து நீட்டினானே, அவன் கையில் செல்போன் இல்லை. அவனை அந்தப் பக்கம் போகவிடாமல் மறித்து நின்றது யார்?

எங்கள் தெருவில் ஒரு பெண் போன வருஷம் பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்தாள். வீட்டில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவள். ஒரு சாயங்காலம் நோட்டோடு வந்து நின்றாள்.

"மாமா, சீனியர் அக்கா ரெக்கார்டு குடுத்து அப்படியே எழுதச் சொன்னாங்க. நான் பெண்டுலத்த ஆட்டிப் பாத்தா வேற வருது. ஜி வந்து ஒம்போது புள்ளி ரெண்டுதான் வருது. எத எழுதறது?"

எனக்குள் முப்பது வருஷமாகக் காத்திருந்த ஒருவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். நூலின் நீளத்தை எதுவரை அளந்தாய், குண்டின் நடுவரைக்குமா, கொக்கி வரைக்குமா என்று கேட்டேன். கொக்கி வரைக்கும்தான் அளந்திருந்தாள். அதுதான் பிழை என்று கண்டுபிடித்தபோது அவள் முகத்தைப் பார்க்கவேண்டும். அளந்ததை அப்படியே எழுது, கீழே பிழைக்குக் காரணத்தையும் எழுது என்றேன். எழுதினாள். பத்துக்கு மூன்று. ஓரத்தில் சிவப்பு மையில் 'கேர்லெஸ்'. அளக்காமலே 9.8 எழுதிய பெஞ்சுத் தோழிக்கு ஒன்பது.

நேரில் போய்க் கேட்கலாம் என்று சட்டையை மாட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா வாசலிலேயே நிறுத்தினார்.

"நீங்க ஒண்ணும் வரவேணாம்ணே. புள்ள எத்தினி நாளா அழுவுது தெரியுமா? இன்டர்னல் மார்க்கு பூரா அந்த சார் கையில கீது. உங்க சோதனைய உங்க வூட்டுல வெச்சுக்குங்க."